முதல் பக்கத்தைக் காணவில்லை

எங்கள் நிலையத்தின் பதிவேட்டில் என் பதவிக்கு 'ஆவண ஆயத்தர்' என்று பெயர். வீட்டில் கேட்டால் குண்டூசி பிடுங்குகிறவள் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஸ்கேனருக்குள் போகிற ஒவ்வொரு தாளையும் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி தயார் செய்து அனுப்புவது என் வேலை. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், துருப்பிடித்த கிளிப், சணல் நூல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். மடங்கிய காதுகளை நிமிர்த்த வேண்டும். கிழிசலுக்கு மெல்லிய ஒட்டுத்தாள் போட வேண்டும். பிறகு கட்டை விசிறி மாதிரி விரித்து, காற்றுப் போகவிட்டு, மேசையில் தட்டி ஓரம் சேர்த்துத் தட்டில் வைத்து, பக்கத் தடுப்புகளைத் தாளை இறுக்காமல் தொட்டு நிற்கும்படி நகர்த்த வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக உள்ளே போகும். மெஷின் அலறும், நானும் அலறுவேன். இருபத்தாறு வருடத்தில் நான் அலறியது நாலு முறை. நாலும் வேறு ஆள் அடுக்கிய கட்டு.

2044 சித்திரையில் எங்களுக்குப் புது மெஷின் வந்தது. பெயர் 'ஏடு'. மாவட்டத்தில் அறுபது வருடமாக மக்கள் கையால் எழுதிக் கொடுத்த மனுக்களை எல்லாம் ஏடு படித்துச் சேமிக்கும், அதற்குப் பிறகு தாள்கள் கூழாகப் போகும் என்று ஏற்பாடு. மெஷினோடு ரவூப் வந்தான். மீமிசல் பக்கத்து ஆள், நாற்பது வயது, எஞ்சினியர். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற வாய். எங்கள் இருவருக்கும் மேலே நிலையத் தலைவர் எஸ்தர் ஜெயசீலி மேடம். மேடம் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

முதல் நாள் காலையில் இருநூறு மனு போட்டோம். நூற்று எழுபது மனுவுக்குத் திரையில் ஒரே வாசகம் வந்தது.

'முதல் பக்கத்தைக் காணவில்லை. தேடட்டுமா?'

மேடம் என்னைப் பார்த்தார். "பிரகதாம்மா, கட்டு பிரிக்கும்போது எதையாவது தவறவிட்டீங்களா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "மேடம், என் கையில ஒரு பின் தவறாது. நூத்தி எழுபது பக்கம் தவறுமா?"

ரவூப் மனுக்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திரையைப் பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, இந்த மனு எல்லாத்துலயும் மேல நடுவுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? பிள்ளையார் சுழி."

"நம்ம கண்ணுக்குச் சுழி. இவனுக்குப் பழைய தமிழ் எண் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்காங்க. தமிழ்ல ரெண்டு எப்படி இருக்கும்?"

நான் காற்றில் எழுதிப் பார்த்தேன். உ. சுழியேதான்.

"மேல ரெண்டுன்னு போட்டிருக்கு, அப்ப இது ரெண்டாம் பக்கம், ஒண்ணாம் பக்கத்தை இந்தம்மா தொலைச்சுட்டாங்கன்னு இவன் முடிவு பண்ணிட்டான்."

அடுத்த கட்டில் ரவூப்பின் அத்தா எழுதிய ரேஷன் கார்டு மனுவே வந்தது. அவர்கள் வழக்கப்படி மேலே 786 என்று எழுதியிருந்தார். ஏடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு '785 பக்கங்களைக் காணவில்லை' என்று சொல்லி அப்படியே நின்றுபோனது. சிலுவை போட்ட மனு வந்தபோது எதோடு எதைக் கூட்ட வேண்டும் என்று கேட்டது. அன்றைக்குத்தான் எஸ்தர் மேடம் சிரித்ததை நாங்கள் முதல் முறையாகப் பார்த்தோம். அழகாகத்தான் சிரிக்கிறார், ஏன் சேமித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ரவூப்புக்குக் கை சும்மா இருக்காது. 'தேடட்டுமா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்தினான். மெஷினுக்குள் பக்கவாட்டில் நீல வெளிச்சம் ஓடியது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புதுத் தாள் வெளியே வந்தது. அதில் ஒரு கையெழுத்து, பாதி வரிகள் அடித்துத் திருத்தியபடி.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார் மேடம்.

"நோட்டுல எழுதும்போது அடித்தாள்ல அமுங்கும்ல மேடம், அது. மேல இருந்த தாளைக் கிழிச்சுப் போட்டாலும் அதுல எழுதினது கீழ்த்தாள்ல பள்ளமா இருக்கும். முடி கனத்துல பாதி இருந்தாலும் ஏடு படிச்சுரும். எரிஞ்ச, கிழிஞ்ச ஆவணத்தை மீட்கத்தான் இந்த வசதியை வச்சோம். இவன் இல்லாத முதல் பக்கத்தைத் தேடப்போய், கிழிச்சுப் போட்ட பக்கத்தைக் கண்டுபிடிச்சுட்டான்."

அந்தத் தாள் குடுமியான்மலைக்காரர் ஒருவருடையது. கைக்கு வந்த மனு, 'ஐயா, எங்கள் தெருவுக்குக் குழாய் அமைத்துத் தர வேண்டுகிறேன்' என்று பணிவாக இருந்தது. கிழித்த பக்கம், 'ஏம்ப்பா, நாங்க தண்ணி குடிக்கிற ஜாதியா இல்ல காத்துக் குடிக்கிற ஜாதியா?' என்று ஆரம்பித்தது. நாங்கள் மூவரும் அதை மூன்று முறை படித்தோம். மனுவைவிட இதுதான் மனு என்று மேடமே சொன்னார்.

செய்தி பரவ எத்தனை நேரம் ஆகும்? அடுத்த வாரமே வாசலில் கூட்டம். எல்லோருக்கும் தங்கள் முதல் பக்கம் வேண்டும். அறுபது வயது ஆசிரியர் ஒருவர் பணிமாறுதல் மனுவுக்கு முன்னால் கிழித்த தாளில் மனைவிக்கு எழுதிப் பார்த்த நாலு வரிக் கவிதை கிடைத்தது. அந்த அம்மா அங்கேயே அதை உரக்கப் படித்து, "இதைக் கிழிச்சீங்களா, இல்ல கிழிக்கிற மாதிரி எழுதினீங்களா?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. ஒருவருக்குத் தாளில் ஒன்றும் இல்லை, மீன்குழம்புக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல்தான். அவர் அதையும் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் நிலையம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஆலங்குடியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்து எட்டு வருடமாம். அவர் எழுதிய பணிமாறுதல் மனுவின் முதல் பக்கத்தை நாங்கள் எடுத்துக் கொடுத்தோம். 'எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை' என்று அதில் இருந்தது. வேறெதுவும் இல்லை. அந்த அம்மா தாளை நான்காக மடித்து மேசையில் வைத்தார். "இதை நான் கேக்கலியே தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

"கிழிச்சுப் போட்டா கிழிச்சுப் போட்டதுதான் மேடம்" என்றேன் நான். "வாய்க்குள்ளயே முழுங்கின வார்த்தையைப் பிடிச்சு இழுக்க நமக்கு என்ன உரிமை?"

"அப்ப அந்த வாத்தியார் கவிதை?" என்றான் ரவூப்.

"அது அவர் கைக்குப் போச்சு. அவர் எழுதினது, அவர் காட்டினார்."

மேடம் அதையே விதியாக்கினார். முதல் பக்கம் கிடைத்தால் மெஷின் அதை யாருக்கும் காட்டாமல் தானே உறையில் போட்டு ஒட்டும். எழுதியவர் உயிரோடு இருந்தால், நேரில் வந்தால், அவர் கையில் மட்டும் கொடுக்கப்படும். எழுதியவர் இல்லையென்றால் திறக்காமலே கூழுக்கு. அதோடு, வருகிற திங்கட்கிழமை திருத்தம் போட்டுவிட வேண்டும், சுழி சுழிதான், இரண்டு இல்லை என்று ஏட்டுக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அதற்குப் பிறகு அது எந்த முதல் பக்கத்தையும் தேடாது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெள்ளிக்கிழமை வரை பட்டது.

வெள்ளிக்கிழமை நான் பிரித்த கட்டில் என் அண்ணன் எழுதிய மனு இருந்தது.

என் அண்ணனுக்கு அப்பா வைத்த பெயர் கணபதி. பத்தொன்பது வயதில் கறுப்புச் சட்டை போட்டு, சாமி இல்லை என்று சொல்லி, பெயரைச் செங்குட்டுவன் என்று மாற்றிக்கொண்டான். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு மதில்தான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் என் மகள் நித்திலாவுக்குக் காதுகுத்து வைத்தோம். அண்ணன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பத்திரிகையை என் மாமனார் அச்சடித்தார். 'தாய்மாமன்: கணபதி' என்று போட்டுவிட்டார்.

அண்ணன் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். காதுகுத்துக்கு வரவில்லை. பத்திரிகையைத் திருப்பிய கையோடு, என் வீட்டுச் சன்ஷேடு தண்ணீர் அவன் இடத்தில் சொட்டுகிறது என்று வட்டாட்சியருக்கு மனு எழுதினான். அளந்தார்கள், அவன் சொன்னது சரிதான், சன்ஷேடை வெட்டினோம். அன்றிலிருந்து மழை பெய்தால் என் அடுப்படி நனைகிறது. அன்றிலிருந்து நாங்கள் பேசவும் இல்லை. இப்போது நித்திலாவுக்குக் கல்யாணம், இன்னும் பன்னிரண்டு நாள். தாய்மாமன் இல்லாமல் அவள் எப்படி மணமேடைக்குப் போவாள்? என் கைப்பையில் ஒரு பத்திரிகை மூன்று வாரமாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. ரோஷம், வேறென்ன.

மனுத்தாளின் பின்புறத்தை விரலால் தடவினேன். இருபத்தாறு வருடப் பழக்கம், தாளைத் தடவாமல் தட்டில் வைக்க மாட்டேன். அண்ணனுக்குச் செம்புக்கம்பியை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. அவன் எழுதினால் தாளில் உழுத மாதிரி இருக்கும். எழுதிய வரிகளுக்குப் பின்னால் மேடு இருந்தது, அது சரி. எழுதாத இடத்திலும் மேடு இருந்தது.

கிழித்த பக்கம் ஒன்று இருக்கிறது.

ஆனால் அண்ணன் மனுவில் சுழி கிடையாது. அவன் எப்படிப் போடுவான்? மெஷினுக்கு அது ஒரு முழுமையான ஒற்றைப் பக்க மனு. தேடட்டுமா என்று கேட்காது. இன்று உள்ளே போனால் திங்கட்கிழமை கூழ்.

ஆலங்குடி அம்மாவை நினைத்தேன். முதல் பக்கத்தில் என்னை மோசமாகத் திட்டியிருந்தால்? இருக்கட்டும், அவன் கைக்குத்தானே போகப்போகிறது. அவனை இங்கே, என் எதிரே வந்து நிற்க வைக்க எனக்கு வேறு வழி இல்லை. பழைய ஆவணத்தில் ஒரு புள்ளி வைத்தாலும் வேலை போய்விடும். அது எனக்குத் தெரியும், புது ஆட்களுக்கு அதைச் சொல்கிறவளே நான்தான்.

மேசை டிராயரிலிருந்து பென்சிலை எடுத்தேன். அண்ணன் மனுவின் தலையில், நடுவில், ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். தாளைத் தட்டி, தட்டில் வைத்து, தடுப்பை நகர்த்தினேன்.

'முதல் பக்கத்தைக் காணவில்லை. தேடட்டுமா?'

தேடு ராசா, தேடு என்று அழுத்தினேன். நீல வெளிச்சம் ஓடியது. ஒட்டிய உறை ஒன்று வெளியே விழுந்தது. சத்தியமாக அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பிடிக்க ஆசைப்பட்டேன், அது வேறு.

அண்ணனுக்கு அலுவலக முறைப்படி அறிவிப்புப் போனது. திங்கட்கிழமை ரவூப் திருத்தம் போட்டான். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வந்தான். அதே கறுப்புச் சட்டை, தலை மட்டும் வெளுப்பு. கவுன்டரில் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திரும்பிப் போய்விடலாமா என்று நின்றான்.

"விண்ணப்பதாரர் பெயர்?" என்றேன். என் குரல் எனக்கே வானொலிச் செய்தி மாதிரி கேட்டது.

"செங்குட்டுவன்."

"முன்னாள் பெயர் ஏதும் உண்டா?" படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது, நானாகக் கேட்கவில்லை.

"இல்ல."

"அடையாள அட்டை கொண்டு வந்திருக்கீங்களா?"

"கொண்டு வந்திருக்கேங்க."

அண்ணன் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை. ரவூப் பின்னால் தண்ணீர் குடிக்கிறவன் மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

உறையைக் கொடுத்தேன். அண்ணன் அங்கேயே நின்று கிழித்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் காது சிவந்தது. சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அப்படித்தான் சிவக்கும். தாளை மடிக்கப் போனான். மடிக்காமல் கவுன்டரில் வைத்து என் பக்கம் திருப்பினான். எழுதியவர் அவர், காட்டினவரும் அவர். விதிப்படி நான் படிக்கலாம்.

'காதுகுத்து – மறக்கக் கூடாதவை' என்று மேலே இருந்தது.

'பாப்பாவுக்குத் தோடு, சிவப்புக் கல். திருகு கெட்டியாக இருக்கிறதா பார்க்க.
பட்டுப்பாவாடை, மாம்பழ நிறம்.
பிரகதாவுக்குப் புடவை. அரக்கு வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது.
சீர்த்தட்டு இருபத்தொன்று. யாரும் குறை சொல்லக் கூடாது.
மடியில் அழுதால் கொடுக்க: தேன்மிட்டாய், ஊதல்.
பூசை நேரத்தில் வெளியே நிற்பது. குத்தும்போது மட்டும் உள்ளே.
குத்தும்போது நான் கண்ணை மூடக் கூடாது.'

எனக்கு எழுத்து கலங்கியது. அலுவலகம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

"இதை எழுதி முடிச்சு நிமிர்றேன், பத்திரிகை வருது" என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. "பேரைப் பாத்தேன். இந்தத் தாளைக் கிழிச்சுட்டு அடுத்த தாள்ல சன்ஷேடை எழுதிட்டேன்."

"அச்சுல வந்தப்பவே நான் பாத்தேண்ணே. ஒரு பேருதானேன்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

"ஒரு சன்ஷேடுதானேன்னு நானும் விட்டிருக்கலாம்." அவன் மூக்கை உறிஞ்சினான். "அடுப்படி இன்னும் நனையுதா?"

நான் பதில் சொல்வதற்குள் எஸ்தர் மேடம் தன் அறையிலிருந்து வந்தார். கையில் அண்ணனின் மனு.

"திருத்தம் போட்டதும் ஏடு பழைய சுழியை எல்லாம் ஒரு தடவை சரிபார்த்திருக்கு" என்றார். "ஒரே ஒரு மனுவுலதான் சந்தேகம்னு சொல்லுது. மனு பேனாவுல இருக்கு, சுழி மட்டும் பென்சில்ல இருக்கு. யாரோ பிற்பாடு போட்டிருக்கலாமாம். அதான் கூழுக்கு அனுப்பாம எடுத்து வச்சேன்." அவர் என்னைப் பார்த்தார். "இது யார் போட்டது?"

"மேடம், அது வந்து..." என்று நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் திறந்தேன்.

"நான்தாங்க போட்டேன்" என்றான் அண்ணன்.

மேடம் அவனுடைய கறுப்புச் சட்டையைப் பார்த்தார். சட்டைப்பையில் குத்தியிருந்த சின்னத்தைப் பார்த்தார். "நீங்களா? பிள்ளையார் சுழியா?"

"மனுவாவது தேறட்டுமேன்னு போட்டேங்க. எழுதி முடிச்சப்புறம் நெனப்பு வந்துச்சு, கையில பென்சில்தான் இருந்துச்சு." நாற்பது வருடமாகக் கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாதவன், கண் இமைக்காமல் சொன்னான். காது மட்டும் சிவந்திருந்தது.

மேடம் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் அவன் முன்னால் வைத்தார். "இங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

ரவூப் சிரிப்பை நிறுத்திவிட்டான். நான் மூச்சை நிறுத்திவிட்டேன். அண்ணன் பென்சிலை வாங்கினான். பள்ளிக்கூட நாட்களில் அவன் நோட்டுக்கெல்லாம் நான்தான் சுழி போட்டுக் கொடுப்பேன், அம்மாவுக்குத் தெரியாமல் அவன் அதை அழிப்பான். அழித்தாலும் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பான்! தாளின் நடுவில் மெதுவாக, அழுத்தி, ஒரு உ போட்டான். வால் கொஞ்சம் மேலே ஏறி முடிந்தது. என்னுடையதும் அப்படித்தான் முடியும். எங்கள் அம்மாவுடையதும் அப்படித்தான்.

மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரே வீட்டு எழுத்து" என்றார். சந்தேகக் குறிப்பில் 'தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவர் உதட்டோரம் லேசாக இழுத்த மாதிரி இருந்தது. எனக்குப் பிரமையாகவும் இருக்கலாம்.

அண்ணன் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. தான் போட்ட சுழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே விட்டுவிட்டுப் போக அவன் கொள்கை இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது. குனிந்து அந்த உ பக்கத்தில் மேலும் சில எழுத்துகளைச் சேர்த்தான். தாளை என் பக்கம் நகர்த்தினான்.

'உன் அண்ணன்' என்று இருந்தது.

நான் கைப்பையைத் திறந்து பத்திரிகையை எடுத்து நீட்டினேன். மூன்று வாரத்தில் ஓரம் மடங்கிப் போயிருந்தது. வேலைப் பழக்கம், நிமிர்த்திவிட்டுத்தான் கொடுத்தேன். அண்ணன் கண் நேராகப் பெயருக்குத்தான் போனது. 'தாய்மாமன்: செங்குட்டுவன்'. அந்த இடத்தை விரலால் ஒரு முறை தடவினான். "கணபதின்னே போட்டிருக்கலாமே, கழுதை" என்றான்.

பிறகு பத்திரிகையின் உச்சியைப் பார்த்தான். அங்கே மஞ்சள் மையில் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. புருவத்தைத் தூக்கினான்.

"இது யார் போட்டது?"

"அதையும் நீதான் போட்டேன்னு சொல்லிருண்ணே" என்றேன்.